ஒரு பிடி பருப்பு

“போன மாசம் போதும்னீங்க மிஸ். இந்த மாசம் பத்தாதுங்கிறீங்க. நான் ரெண்டு மாசமும் அதே ரொட்டியத்தானே தின்னேன்?”

அந்த அக்கா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பரா வாசலில், பிள்ளைகளின் நிறை பார்க்க நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் சாப்பாட்டில் புரதம் போதும் என்று முதல் மாதம் நான் சொன்னது வாய்க்கு வந்த பேச்சல்ல. படிக்கிற காலத்தில் ஒரு சீனியரின் கொப்பியைப் பார்த்து எழுதிய அட்டவணை என்னிடம் இருந்தது. வளர்ந்தவர்களுக்கு ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் லைசின். புரதத்தில் இருக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று அது; உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். 1985ஆம் ஆண்டுக் கணக்கு. அக்கா 45 கிலோ. 540 மில்லிகிராம் வேண்டும். அரிசி விலை ஏறியதிலிருந்து மூன்று வேளையும் ரொட்டிதான் என்றார். கோதுமை மாவில் குறைவாக இருப்பதே லைசின்தான். ஆனாலும் 300 கிராம் மா என்று வைத்தால் ஏறக்குறைய 700 வருகிறது. தாராளம்.

அப்புறம்தான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2007 அறிக்கையைப் பார்த்தேன். 12 இருந்த இடத்தில் 30. அதே அக்காவுக்கு இப்போது 1350 வேண்டும். ரொட்டி பாதிக்குத்தான் வரும்.

எண்ணை மாற்றியது நானில்லையே என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். பெரிய விஞ்ஞானிகளே வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய விஷயம் இது. புரதத்தோடு உடம்புக்குள் போகும் நைதரசனையும் வெளியேறுவதையும் கழித்துப் பார்க்கும் பழைய முறை தேவையைக் குறைத்துக் காட்டுகிறது என்றார் அமெரிக்காவின் வெர்னன் யங். கார்பன்-13 என்ற அடையாள அணு ஏற்றிய அமினோ அமிலங்களைக் கொண்டு அளந்து, தேவை அதைவிட மிக அதிகம் என்றார். இங்கிலாந்தின் ஜோ மில்வர்ட், குறைவாகக் கிடைத்தால் உடம்பு அதற்குத் தக்கபடி சிக்கனமாகப் பழகிக்கொள்ளும் என்று வாதாடினார்.

மில்வர்ட்டை நம்பத்தான் எனக்கு ஆசை. இருபது வருடமாக மலையேறிக் கொழுந்து எடுக்கிற அக்கா, இப்போதும் அந்த ரொட்டியைத் தின்றுவிட்டுத்தானே ஏறுகிறார்? ஆனால், தோட்டத்தில் ‘பழகிப்போச்சு’ என்ற சொல்லைக் கேட்காத நாளில்லை. லயத்துக் கூரை ஒழுகினாலும் அதுதான், அட்டை கடித்தாலும் அதுதான். அந்தப் பட்டியலில் லைசினையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று அவருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: “ரொட்டியோட பருப்பு சேர்த்துக்கிட்டா சரியாயிரும்கா.”

“பருப்பு போடுறதுதானே” என்று உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கருத்துக் கிடந்தது. அந்தக் குழியை நான் 40 கிராம் என்று மதித்தேன். மைசூர்ப் பருப்பில் அது கிட்டத்தட்ட 680 மில்லிகிராம் லைசின். ரொட்டியின் 700ஐக் கூட்டினால் 1380. தின்றதெல்லாம் உடம்பில் சேராது, உண்மைதான். சேராமல் மிஞ்சுவதை எங்கே அளப்பது என்பது இன்னொரு சண்டை: ஐ.நா. அமைப்புகளின் 1991 அறிக்கை மலத்தில் அளக்கச் சொன்னது, 2013 அறிக்கை சிறுகுடல் முடிகிற இடத்தில் அளப்பதே சரி என்றது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கணக்கு நேராகிவிட்ட நிம்மதியில் கொப்பியில் மறுபடியும் ‘போதும்’ என்று எழுதினேன்.

அக்கா வீட்டில் ஐந்து பேர். அந்தப் பிடி அவர் தட்டுக்கா, சட்டிக்கா என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் வந்தபோதாவது கேட்டிருக்கலாம். பிள்ளையின் நிறையை எழுதி அனுப்பிவிட்டேன்.