கதவுக்கு வெளியே

என் மகனுக்கு அப்போது 15 வயது. முதலில் எங்கள் கண்ணில் பட்டது கோபம்தான். எதைக் கேட்டாலும் எரிந்து விழுவான். இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பான், காலையில் எழுப்பினால் சண்டை. வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் விட்டுவிட்டேன். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிப்படும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உயிராக நினைத்த கால்பந்தை அவன் தொடுவதையே நிறுத்தியபோதுதான் பயம் வந்தது.

டாக்டரிடம் போகலாமா என்றேன். "நான் என்ன பைத்தியமா?" என்றான். "தூக்கம் கெட்டுப் போயிருக்குப்பா, அதை மட்டும் காட்டிட்டு வருவோம்" என்றதும் ஒப்புக்கொண்டான். அது பொய்யும் இல்லை. அந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அவன் ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை.

மருத்துவர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். உள்ளே அவனிடம் ஒன்பது கேள்விகள் உள்ள தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். நீ சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன், உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன் என்று அவனிடம் முன்பே பேசி வைத்திருந்தாராம். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. "சில நாட்கள்" என்று குறித்திருந்தான்.

எனக்குக் கை நடுங்கியது. இதைப் பற்றிப் பேசினால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று கேட்டேன். தூண்டாது, நேராகக் கேளுங்கள், கேட்டால்தான் அவனால் சொல்ல முடியும் என்றார். வீட்டில் உள்ள மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொன்னார். அப்புறம் அவன் பக்கம் திரும்பி, 10 முதல் 19 வயது உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, உன் வகுப்பிலேயே சிலர் இருப்பார்கள் என்றார். அன்று அவன் தலை நிமிர்ந்தது அப்போதுதான்.

வாரம் ஒருமுறை மனநல ஆலோசனை தொடங்கியது. மனசு சரியானதும் விளையாடலாம் என்று காத்திருக்காதே, பத்து நிமிடம் பந்தை உதை, மனசு பின்னால் வரும் என்பதுதான் அங்கே கிடைத்த முதல் பயிற்சி. அவனால் முடிந்தது. எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. வண்டியில் ஏறியதும் "என்ன பேசினீங்க?" என்று கேட்டுவிடுவேன், அவன் முகம் மூடிக்கொள்ளும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தை அவனுக்கே விட்டுவிடுங்கள் என்று ஆலோசகர் கேட்டுக்கொண்டார். பெற்ற பிள்ளை மூடிய கதவுக்கு உள்ளே அழுகிறானா, சிரிக்கிறானா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்தினேன்.

ஏழாவது வாரம், திரும்பி வரும் வழியில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "அப்பா, இந்த வாரம் அந்த எண்ணம் வரல."

"சொன்னியே, அது போதும்பா" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்போது மாதம் ஒருமுறைதான் போகிறோம். மாத்திரைப் பெட்டியின் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஏன் என்று அவனுக்கும் தெரியும்.