மீதிப் பணம் இருந்ததா?

மேடவாக்கத்தில் அரை கிரவுண்டு மனைக்கு முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவுடன் கிரய ஒப்பந்தத்தைப் பதிவும் செய்திருந்தார் என் மைத்துனர். விலை ஏறியதும் விற்பவர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டதால், இருவரும் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சென்றோம். விற்பவரின் குற்றங்களை மைத்துனர் அடுக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும் சார், மீதிப் பணம் உங்களிடம் இருந்ததா?" என்றார் அவர்.

ஒப்பந்தம் எழுதியதால் மட்டும் மனையில் வாங்குபவருக்கு உரிமை உண்டாகிவிடாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கிரயம் செய்து தரும்படி விற்பவரைக் கட்டாயப்படுத்தக் கோரலாம். அதுவே ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு. முன்பு நீதிபதியின் விருப்புரிமையாக இருந்த இந்த நிவாரணத்தை, 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் (Specific Relief Act) 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் குறிப்பிடும் விலக்குகள் போக, நீதிமன்றம் வழங்கியே ஆக வேண்டும். ஆனால், வாங்குபவர் தம் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்ற, அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு நிபந்தனை இன்னும் இருக்கிறது.

தயார் என்பது பண வசதி. விருப்பம் என்பது நடத்தை. பணத்தை விற்பவர் முன் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டியதில்லை. திரட்டும் வழி இருந்ததைக் காட்டினால் போதும். கெடுவுக்குள் கிடைத்த வீட்டுக்கடன் ஒப்புதல் கடிதம் மைத்துனரிடம் இருந்தது. ஆனால், "விலையைக் கொஞ்சம் குறைத்தால் முடித்துவிடலாம்" என்று அவர் இடையில் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியை வழக்கறிஞர் இரண்டு முறை படித்தார். ஒப்புக்கொண்ட விலைக்கே வாங்க விருப்பமில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட அது போதுமாம். எனக்கு அது சற்று அநியாயமாகவே பட்டது. பேரம் பேசாமல் நம் ஊரில் யார் மனை வாங்குகிறார்கள்?

ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தது நல்லதாயிற்று. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம் என்பதோடு, வில்லங்கச் சான்றிலும் ஏறிவிடுவதால், பின்னால் வாங்கும் மூன்றாம் நபர் தமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

வழக்குத் தொடரக் கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் உண்டே என்று நான் குறுக்கிட்டேன். ஆறு மாதக் கெடு வைத்த நகர்ப்புறச் சொத்து ஒன்றில், இரண்டரை ஆண்டுகள் சும்மா இருந்தவருக்கு உச்ச நீதிமன்றம் 1997-இல் நிவாரணத்தை மறுத்ததை வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். மைத்துனரின் கெடு முடிந்து அப்போது பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. குறித்த தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கிரயம் செய்து தருமாறு கோரும் அறிவிப்பு அன்று மாலையே அஞ்சலில் சென்றது.