மீட்பு இல்லத்தில் பராமரிப்புத் தரத்தை உயர்த்திய அனுபவம்

ஆள் கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் தங்கும் இல்லமொன்றின் பொறுப்பை நான் ஏற்றபோது, அலுவலக அறையில் எல்லாச் சான்றிதழ்களும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன. 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்துதல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் வழங்கிய உரிமம், அதற்குத் துணையான தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று என ஒன்றும் குறைவில்லை. ஆய்வுக்கு வருபவர்கள் கட்டில்களையும் கழிப்பறைகளையும் எண்ணுவார்கள், தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்ப்பார்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போவார்கள். அப்படியொரு ஆய்வு நல்லபடியாக முடிந்த சில நாட்களில், அங்கே தங்கியிருந்த ஒரு பெண் பின்பக்க மதிலேறிக் குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டார். நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. மதிலை இன்னும் சில அடி உயர்த்தி, மேலே கண்ணாடிச் சில் பதிப்பது என்பதே முன்வைக்கப்பட்ட தீர்மானம்.

மாவுக்கட்டோடு படுத்திருந்த அந்தப் பெண்ணிடம் பேசிய பிறகுதான் தீர்மானத்தைத் தள்ளிவைக்கக் கேட்டேன். அவருடைய மகன் பாட்டியிடம் வளர்கிறான். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “எத்தனை நாளுன்னு சொல்லிட்டா இருந்திடுவேன் மேடம், யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க” என்றார். அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தால், எனக்கும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியாக வந்த நீதிமன்ற உத்தரவின் தேதி எப்போதோ கடந்திருந்தது. அதற்குப் பின் ஒரு தாளும் இல்லை.

எனவே நாங்கள் தொடங்கிய வேலை கட்டடத்தில் அல்ல, இரும்பு அலமாரியில். ஒவ்வொரு பெண்ணும் எந்தச் சட்டப்படி, யாருடைய உத்தரவின்பேரில், எந்தத் தேதி வரை இங்கே இருக்கிறார் என்று கோப்பு கோப்பாகப் பிரித்து எழுதினோம். 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடு வணிகத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் படித்தால், இது எவ்வளவு அடிப்படையான வேலை என்பது தெரியும். மீட்கப்பட்ட பெண்ணை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்திய பின், நன்னடத்தை அலுவலரின் விசாரணை முடியும்வரை அவரை இல்லத்தில் தங்கவைக்கலாம். ஆனால் அந்த இடைக்காலம் மூன்று வாரங்களைத் தாண்டக் கூடாது. அதன் பிறகும் பாதுகாப்பு தேவை என்று நடுவர் கருதினால், ஓராண்டுக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மேற்படாமலும் காலத்தைக் குறிப்பிட்டுத் தனி உத்தரவு போட வேண்டும். முடிவெடுக்க உதவியாக, மூன்று பெண்களாவது இடம்பெற்ற ஐவர் குழுவை அவர் அழைக்கவும் சட்டம் வழிவிடுகிறது. எங்கள் அலமாரியிலோ, காலம் குறிப்பிட்ட உத்தரவுள்ளவர்கள் ஒரு பகுதி. இடைக்கால உத்தரவு காலாவதியானவர்கள் ஒரு பகுதி. காவல் நிலையத்தின் ஒற்றைக் கடிதத்தோடு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள் ஒரு பகுதி. தாமாக விரும்பித் தங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களும் அதே பூட்டுக்குள்தான் இருந்தார்கள்.

இந்தப் பட்டியலை, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுத்தோம். அவர்கள் நியமித்த பெண் வழக்கறிஞர் வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி மனுக்களைத் தயாரித்தார். அதற்குப் பெரும் துணையாக இருந்தது, பாலியல் தொழிலாளர்களின் உரிமைகள் தொடர்பான புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. பாதுகாப்பு இல்லங்களை மாநில அரசுகள் கணக்கெடுத்து, தங்கள் விருப்பத்திற்கு மாறாக அடைத்து வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களின் நிலையை மறுபரிசீலித்து, குறித்த காலத்திற்குள் விடுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அந்த உத்தரவு. அதன் நகலை மனுவோடு இணைத்தபோது, அதுவரை “அடுத்த வாய்தாவில் பார்க்கலாம்” என்றே நகர்ந்துகொண்டிருந்த விஷயம் விசாரணைக்கு வந்தது. பெண்கள் நேரில் போய் நடுவரிடம் தாங்களே பேசினார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் தோழியின் அறைக்குப் போனார்கள், சிலர் போகலாம் என்று உத்தரவு வந்த பிறகும் தையல் பயிற்சி முடியும்வரை இருந்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவர் தன்னை விற்றவனிடமே திரும்பிப் போனார் என்று பின்னர் அறிந்தோம். அதைச் சுட்டிக்காட்டி, “இதற்குத்தான் பூட்டு வேண்டும் என்றோம்” என்று குழுவில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. இல்லத்தின் வாசல் மூடியிருந்ததால் அவர் வேறு முடிவுக்கு வந்துவிடவில்லை. வெளியே போக அவருக்கு இருந்த ஒரே முகவரி அவனுடையதுதான்.

பூட்டைப் பற்றி நான் வாதாடித் தோற்றுக்கொண்டிருந்த நாட்களில், எதிர்பாராத துணையாக வந்தவர் தீயணைப்புத் துறை அலுவலர். உரிமப் புதுப்பித்தலுக்காக வந்தவர், மாடியிலிருந்து பின்பக்கம் இறங்கும் படிக்கட்டின் இரும்புக் கதவில் தொங்கிய பூட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ராத்திரியில சாவி யார்கிட்டம்மா இருக்கும்?” என்று கேட்டார். சாவி கீழ்த்தளத்தில் தூங்கும் வார்டன் அக்காவின் இடுப்பில் இருக்கும். அவர் வேறு விளக்கம் கேட்கவில்லை. “ஏர்வாடி ஞாபகம் இருக்குல்ல?” என்றார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப்போனதை, இந்த மாநிலத்தில் இல்லம் நடத்தும் எவரும் மறந்திருக்க முடியாது. அந்தக் கதவுக்கு உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளும், திறந்தால் ஒலிக்கும் மணியும் பொருத்திய பிறகே அவர் கையெழுத்திட்டார். பெண்களின் சுதந்திரம் என்று நான் பேசியபோது அசையாத குழு, தீ விபத்து என்றதும் ஒரே கூட்டத்தில் ஒப்புக்கொண்டது. காரணம் எதுவானால் என்ன, தாழ்ப்பாள் உள்பக்கம் வந்துவிட்டது.

ஊழியர்களின் பயத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. “ஏதாவது ஆனா நாங்கதானே ஸ்டேஷனுக்குப் போகணும்” என்று இரவுப்பணி வார்டன்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆகவே விதிகளைத் தளர்த்தும்போதே, யார் எதற்குப் பொறுப்பு என்பதையும் எழுதி, அவர்கள் பெயரில் பழி விழாதபடி நிர்வாகக் குழுவின் கையொப்பத்தைப் பெற்றோம். நீதிமன்ற உத்தரவில் இருப்பவர் வெளியே போனால் யாருக்கு எப்போது தகவல் தருவது, தாமாகத் தங்கியிருப்பவர் வெளியே போவதானால் எங்கே எழுதிவிட்டுப் போவது என்பவை தனித்தனியாக வகுக்கப்பட்டன. தொலைபேசிதான் அதிகம் விவாதத்துக்குள்ளானது. அதற்குமுன், கண்காணிப்பாளரின் மேசை மேல் ஒலிபெருக்கியில் போட்டு, அவர் கேட்டுக்கொண்டிருக்க, வாரம் ஒருமுறை பேசலாம். தரகர்கள் அழைத்து மிரட்டுவார்கள், சாட்சியைக் கலைப்பார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது பொய்யும் அல்ல. ஆனால் கண்காணிப்பாளர் எதிரே உட்கார்ந்து எந்தப் பெண்ணும் தன் தாயிடம் உண்மையைப் பேசப்போவதில்லை. இப்போது கதவுள்ள ஒரு சிறிய அறையில் தொலைபேசி இருக்கிறது. யாருடைய அழைப்பு வந்தால் தன்னைக் கூப்பிட வேண்டும், யாருடையது வந்தால் “அப்படி யாரும் இங்கில்லை” என்று சொல்ல வேண்டும் என்பதை அந்தந்தப் பெண்ணே எழுதித் தருகிறார். மிரட்டல் வந்தால் எங்களிடம் வந்து சொல்கிறார்கள். முன்பு மிரட்டல் இல்லாமல் இருந்ததில்லை, எங்கள் காதுக்கு வராமல்தான் இருந்தது.

இல்லத்துக்கு வரும் முதல் இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சோதனை நடந்த இடத்திலிருந்து காவல் நிலையம், அங்கிருந்து அரசு மருத்துவமனை, பிறகு நடுவர் வீடு என்று சுற்றி ஒரு பெண் எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் நள்ளிரவு கடந்திருக்கும். அந்த நேரத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஏற்கனவே மூன்று இடங்களில் சொன்னதை நான்காவது முறையாகச் சொல்லச் சொல்லிப் படிவம் நிரப்புவது வழக்கமாக இருந்தது. இப்போது அன்றிரவு எழுதுவது பெயர், உடனடி மருந்துத் தேவை, யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்ற மூன்றும் மட்டுமே. வெந்நீர், சாப்பாடு, புது நைட்டி, உள்ளாடை, நாப்கின், ஒரு பூட்டும் சாவியும் உள்ள சிறு பெட்டி, பிறகு தூக்கம். விளக்கை அணைக்கலாமா என்று கேட்டுத்தான் அணைக்கிறோம். இரவு ரோந்தில் முகத்தில் டார்ச் அடித்து ஆள் எண்ணும் பழக்கத்தை நிறுத்தியதும், திடுக்கிட்டு எழுந்து அலறுவது குறைந்ததை வார்டன் அக்காவே முதலில் கவனித்துச் சொன்னார். வங்காளமோ இந்தியோ மட்டும் தெரிந்தவர்களுக்கு, இல்லத்திலேயே இருக்கும் இன்னொரு பெண்ணை மொழிபெயர்க்க வைப்பதையும் கைவிட்டோம். வழக்கு விவரம் விடிவதற்குள் அறைக்கு அறை பரவியது அந்த வழியாகத்தான். வெளியிலிருந்து தொலைபேசியில் பேசும் மொழிபெயர்ப்பாளர்களை ஏற்பாடு செய்தோம்.

மருத்துவத்திலும் இதே கதைதான். வந்த மறுநாளே எல்லோரையும் வண்டியில் ஏற்றி எச்ஐவி பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். சமையல்காரர் முதல் காவலாளி வரை அந்த அட்டையைப் பார்க்காதவர் இல்லை. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. விளக்கமறிந்து தரும் சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும், சம்மதமின்றி நிலையை வெளியிடுவதும் அதன்படி தவறு. பழைய மேலட்டைகள் அனைத்தையும் கிழித்துப் புது அட்டை போட்டோம். மருத்துவத் தாள்கள் தனி உறையில், செவிலியரின் அலமாரிக்குப் போயின. சம்மதம் கேட்டால் எல்லோரும் மறுத்துவிடுவார்கள் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் கொஞ்ச நாள் கழித்துத் தாமே வந்து கேட்டார்கள்.

நன்கொடையாளர்களைச் சமாளிப்பதுதான் எல்லாவற்றிலும் சங்கடமானது. நம் ஊரில் பிறந்தநாள், கல்யாண நாள், பெரியவர்களின் திதி என்றால் இல்லத்துக்கு ஒரு வேளை சாப்பாடு போடுவது நல்ல வழக்கம். எங்கள் மாதச் செலவில் கணிசமான பகுதி அதனால்தான் ஓடியது. ஆனால் வந்தவர்கள் பந்தியில் தாமே பரிமாறி, தட்டேந்திய பெண்களோடு புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் நிலையில் போடுவார்கள். அந்தப் பெண்களில் பலர் வழக்கில் சாட்சிகள். இருப்பிடம் தெரிந்துவிடக் கூடாதவர்கள். சாப்பாட்டைக் கொடுங்கள், வாசலோடு விடைபெறுங்கள், படம் வேண்டாம் என்று அறிவித்ததும் சிலர் கோபித்துக்கொண்டு நின்றுபோனார்கள். ஒரு பெரியவர் மட்டும், “சாமிக்குப் படைக்கறப்போ போட்டோவா எடுக்கறோம்?” என்று சொல்லி, இப்போதும் மாதாமாதம் அரிசி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். குறைந்த பணத்தை ஈடுசெய்ய நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

பணம் என்றதும் தையல் கூடத்தைச் சொல்ல வேண்டும். துணிப்பை, பள்ளிச் சீருடை ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வரும் ஆர்டர் பணம் இல்லத்தின் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. கூலியில்லாமல் வேலை வாங்கப்பட்டதால் மீட்கப்பட்டவர்களை, மீட்ட இடத்திலும் கூலியில்லாமல் தைக்க வைத்ததை மறுவாழ்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலி அவரவர் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்றால் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஆதார் வேண்டும். பலருடைய ஆதார் தரகரிடம் மாட்டியிருந்தது. சிலருக்கு எடுக்கவே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட இல்லத்தின் தலைவர் உரிய படிவத்தில் தரும் சான்றை முகவரி ஆதாரமாக ஆதார் ஆணையம் ஏற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டது பெரிய விடுதலை. ஒரே சிக்கல், இல்லத்தின் பெயரை முகவரியில் போட்டால் அது அட்டையில் நிலைத்துவிடும். எனவே கதவு எண்ணும் தெருவும் மட்டும் வரும்படி நிரப்பினோம். இதே கணக்குதான், தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் பயன்பட்டது.

புகார்ப் பெட்டியின் சாவி, புகாருக்கு ஆளாகக்கூடிய கண்காணிப்பாளரிடமே இருந்தது. பீகாரின் முசாபர்பூரில் அரசு நிதியில் இயங்கிய சிறுமியர் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமை, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகத் தணிக்கைக் குழு நேரில் போய் விசாரித்ததால் 2018இல் வெளிவந்தது. அதைக் குழுவில் எடுத்துச் சொல்லி, சாவியை வெளியாளான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் மாதந்தோறும் வந்து, எங்களில் யாரும் இல்லாத அறையில் பெண்களோடு பேசுகிறார். முதலில் கிடைத்த புகார்கள் எல்லாம் ரசத்தைப் பற்றியவை. ரசம் சரியான பிறகு, ஒரு ஊழியர் பெண்களை எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்ற புகார் வந்தது. அவர் இப்போது பணியில் இல்லை.

இரவு வார்டன்களின் சம்பளம் பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்ததை உயர்த்தியும், வார விடுப்பைக் கட்டாயமாக்கியும் இருக்கிறோம். ஆனாலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் பெண்களுக்கு வருவதுபோல ஊழியர்களுக்கும் வர வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

மதில் உயர்த்தப்படவில்லை. அதற்கு ஒதுக்கிய தொகையை, வெளியேறும் பெண்களின் வீட்டு முன்பணத்துக்குத் திருப்பக் கேட்டிருந்தேன். தனியாக வாழ வரும் பெண்ணிடம் “வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்” என்று கேட்டுவிட்டுத்தான் வாடகையைச் சொல்கிறார்கள். கையில் முன்பணம் இருந்தால் அந்தக் கேள்வியைத் தாண்டுவது கொஞ்சம் எளிது. கேட்டதில் பாதியைக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. மீதிக்கு அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கோப்பை வைக்கிறேன்.