செம்பனை எண்ணெயைப் பிளாஸ்டிக்காக்கும் பாக்டீரியா: பினாங்கு ஆய்வகத்திலிருந்து செய்முறைக் குறிப்புகள்

பாக்டீரியாவுக்குள் புதிய மரபணுவை ஏற்றி, அது செம்பனை எண்ணெயைத் தின்று பிஎச்ஏ எனும் மக்கும் பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைக்கும்படி செய்வது பினாங்கில் வேரூன்றிய ஆய்வு. கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குமார் சுதேஷின் குழு இந்தத் துறையில் உலக அளவில் பெயர் பெற்றது. இதைக் கையில் எடுக்கும் நம் மாணவர்கள் மரபணு மாற்றத்தை நினைத்துத்தான் கலங்குகிறார்கள். நாங்கள் செய்து பார்த்த வரையில் அந்தப் பகுதிக்கு நல்ல பாதை போட்டாயிற்று. முறைப்படி செய்தால் வந்துவிடும். கணக்கைக் குலைப்பது எண்ணெய்தான். ஆகவே முன்னதைச் சுருக்கியும் பின்னதை விரித்தும் எழுதுகிறோம்.

வேலைக்கு ஏற்ற பாக்டீரியா குப்ரியாவிடஸ் நெக்கேட்டர் எச்16. பழைய கட்டுரைகளில் ரால்ஸ்டோனியா யூட்ரோஃபா என்ற பெயரில் வரும். நைட்ரஜன் தீர்ந்து கார்பன் மிஞ்சும்போது, மிஞ்சியதைச் செல்லுக்குள் மணி மணியாகப் பிஎச்பி எனும், நான்கு கார்பன் அலகுகளாலான பிஎச்ஏ வடிவில் சேமிக்கும். இதில் மூன்று நொதிகள் வேலை செய்கின்றன. ஃபாஏ இரண்டு அசிட்டைல்-கோஏ மூலக்கூறுகளை இணைக்கும். ஃபாபி அதில் ஹைட்ரஜனைச் சேர்த்து ஒடுக்கும். ஃபாசி கிடைத்த அலகுகளைக் கோத்துச் சங்கிலியாக்கும். சிக்கல் என்னவென்றால், தூய பிஎச்பி 175 முதல் 180 பாகை செல்சியஸில்தான் உருகும், மடக்கினால் உடைந்துவிடும். இடையிடையே ஆறு கார்பன் கொண்ட ஹைட்ராக்சிஹெக்சனோவேட் அலகு சேர்ந்தால் உருகுநிலை இறங்கும், பொருளும் வளையும். ஆனால் எச்16-இன் சொந்த ஃபாசி அந்த ஆறு கார்பன் அலகை ஏறக்குறைய ஏற்பதே இல்லை.

எனவே ஃபாசி செயலிழந்த பிஎச்பி-4 என்ற எச்16 திரிபை எடுத்து, ஆறு கார்பனை ஏற்கும் வேறொரு பாக்டீரியாவின் ஃபாசியைப் பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏற்றுகிறோம். ஏரோமோனாஸ் கேவியே, பினாங்கில் ஆராயப்பட்ட குரோமோபாக்டீரியம் யுஎஸ்எம்2, ரோடோகாக்கஸ் ஏத்தெரிவோரன்ஸ் மூன்றும் இதற்குப் பயன்பட்டவை. எண்ணெயின் கொழுப்பு அமிலம் பீட்டா ஆக்சிஜனேற்றத்தில் இரண்டிரண்டு கார்பனாகக் கரையும்போது, ஃபாஜே என்ற நொதி அந்த வழியின் இடைப்பொருளைப் பிடித்துப் பிஎச்ஏ பக்கம் திருப்பிவிடும். ஃபாபி மரபணுக்களை நீக்கினால் நான்கு கார்பன் அலகின் வரத்து குறைந்து ஆறு கார்பனின் பங்கு ஏறும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2011-இல் இந்த வழியில் உருவாக்கிய இரண்டு திரிபுகள் செம்பனை எண்ணெயில் 17, 30 மோல் விழுக்காடு ஹெக்சனோவேட் தந்தன. 2012-இல் நொதிகலனில் லிட்டருக்கு 139 கிராம் செல் எடையும், அதில் 74 விழுக்காடு பிஎச்ஏவும் கிடைத்தன. ஃபிளாஸ்கில் இந்த எண்களைத் தேடக் கூடாது. அங்கே லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் உலர் எடை கிடைத்தாலே நல்ல விளைச்சல்.

சர்க்கரை இருக்க எண்ணெய் எதற்கு என்று கேட்பார்கள். குளுக்கோஸில் ஏட்டுக் கணக்கின்படியே ஒரு கிராமுக்கு 0.48 கிராம் பிஎச்பிதான் உச்சம். எண்ணெயில் 0.6 முதல் 0.8 கிராம் வரை எடுக்கலாம். அதோடு எச்16 குளுக்கோஸில் வளராது. ஃபிரக்டோஸ்தான் அதற்கு ஆகும். உலகில் செம்பனை எண்ணெய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்து நிற்கும் நாட்டில், தோட்டப்புறத்திலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் இந்த எண்ணெயைப் பற்றிய வேதியியலைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

பிளாஸ்மிட்டைக் கட்டுவதற்கு முன்பே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. மூடிய ஆய்வகத்துக்குள் நடக்கும் மரபணு மாற்ற வேலைக்குப் படிவம் ஈ-யை உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு வழியாகத் தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்கலாம். எந்த மரபணு, எந்தப் பிளாஸ்மிட், எந்த ஓம்புயிர், கழிவை எப்படி அழிப்பீர்கள் என்பதையெல்லாம் பெயர் சொல்லி எழுதுங்கள். பொத்தாம் பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.

பிளாஸ்மிட்டை மாற்ற ஈ.கோலை எஸ்17-1 திரிபைக் கொடையாளியாக வைக்கிறோம். பிளாஸ்மிட் ஏறிய செல் தாங்கும் கனாமைசின் மருந்து இட்ட எல்பி ஊடகத்தில் அதையும், ஊட்டம் மிகுந்த சாற்றில் பிஎச்பி-4-ஐ 30 பாகையிலும் வளர்த்தெடுங்கள். கொடையாளியைச் சுழற்றிப் படியவைத்து, மருந்து போகக் கழுவிய பிறகே இரண்டையும் கலக்க வேண்டும். மருந்து ஒட்டியிருந்தால் ஏற்கும் செல் அப்போதே செத்துவிடும். கலவையை மருந்தில்லாத அகாரில் துளியாக வைத்து ஓர் இரவு விட்டு, சுரண்டி எடுத்து, கனாமைசின் கலந்த சிம்மன்ஸ் சிட்ரேட் அகாரில் பரப்புங்கள். ஈ.கோலையால் சிட்ரேட்டை உண்ண முடியாது, நெக்கேட்டரால் முடியும். பிஎச்பி-4-க்கு மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் கனாமைசின் போதும். எச்16-இல் வேலை செய்பவர்கள் 200 வரை ஏற்றுவார்கள்; அதற்கு இயல்பிலேயே கொஞ்சம் தாங்கும் சக்தி உண்டு. காலனி கண்ணில் பட இரண்டு மூன்று நாள் ஆகும். 24 மணி நேரத்தில் ஒன்றும் இல்லையென்று தட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பிஎச்ஏ வருகிறதா என்று முதலில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஃபிரக்டோஸ் அகாரில் நைட்ரஜனைக் குறைத்து வளர்த்தால், பிஎச்ஏ சேர்த்த காலனி சுண்ணாம்பு வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். வெற்றுப் பிளாஸ்மிட் ஏறிய பிஎச்பி-4 காலனியின் வழியே அடியில் வைத்த காகிதத்தின் கோடு மங்கலாகத் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கோடிழுத்து வையுங்கள். பிஎச்ஏவில் ஒளிரும் நைல் ரெட் சாயம் போடுவதானாலும் ஃபிரக்டோஸ் தட்டில்தான் போட வேண்டும். அந்தச் சாயம் எண்ணெயிலும் ஒளிரும். எண்ணெய்த் தட்டில் காண்பதை நம்ப முடியாது.

வளர்ப்பூடகம் லிட்டருக்கு: டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 3.32 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.80 கிராம், யூரியா 0.54 கிராம், ஏழு நீர் மெக்னீசியம் சல்பேட் 0.25 கிராம், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த நுண் உலோகக் கரைசல் 1 மி.லி. அமில-கார அளவு (pH) 7.0-இல் நிற்க வேண்டும். மெக்னீசியத்தைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து ஆறிய பிறகு சேருங்கள். பாஸ்பேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் படிந்துவிடும். யூரியா சூட்டில் அம்மோனியாவாகச் சிதையும். அதை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டிச் சேர்ப்பதே சரி.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். 0.54 கிராம் யூரியாவில் நைட்ரஜன் 0.25 கிராம். பிஎச்ஏ நீங்கலான செல் எடையில் நைட்ரஜன் ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காடு. ஆக, இந்த ஊடகத்தில் பிஎச்ஏ இல்லாத செல் லிட்டருக்கு 2 கிராம் அளவில்தான் வளர முடியும். நீங்கள் நிறுத்துப் பார்த்த உலர் எடை 8 கிராம், பிஎச்ஏ 6 கிராம் என்றால் கணக்கு நேர். உலர் எடை 9, பிஎச்ஏ 5 என்று வந்தால் மிஞ்சிய 4 கிராமும் செல்லாக இருக்க வழியில்லை. ஒன்று எண்ணெயையும் சேர்த்து நிறுத்திருக்கிறீர்கள், இல்லை எங்கிருந்தோ கூடுதல் நைட்ரஜன் வந்திருக்கிறது.

அந்தக் கூடுதல் நைட்ரஜன் பெரும்பாலும், முதலில் தனியாக வளர்த்து ஊடகத்தில் ஊற்றும் விதை வளர்ப்பிலிருந்து வருவது. அதற்கான சாற்றில் லிட்டருக்குப் பெப்டோன் 10, இறைச்சிச் சாறு 10, ஈஸ்ட் சாறு 2 கிராம் உண்டு. அதை அப்படியே 3 விழுக்காடு ஊற்றினால், யூரியாவிலிருந்து நீங்கள் அளந்து கொடுத்த நைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே போய்விடும். செல் கூடுதலாக வளரும். பிஎச்ஏ விழுக்காடு இறங்கும். விதை வளர்ப்பைச் சுழற்றிப் படியவைத்து, நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் கரைத்து ஊற்றுங்கள்.

இனி எண்ணெய். ஆலையிலிருந்து வரும் கச்சா செம்பனை எண்ணெய் 30 பாகையில் முழுதாக உருகி நிற்காது; குளிரூட்டிய அறையில் மெழுகாகவே உறைந்துவிடும். அதன் கரோட்டின் செல் படிவையும் ஆரஞ்சு நிறமாக்கும். தொடங்குபவர்களுக்கு ஓலீன், அதாவது கடையில் விற்கும் சமையல் எண்ணெய், அல்லது செம்பனை விதையின் பருப்பிலிருந்து எடுக்கும் கச்சா பருப்பெண்ணெய் ஏற்றது. எண்ணெயைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, 50 முதல் 60 பாகையில் உருக்கி, நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள். குலுக்காமல் மேலாக எடுத்தால் திரவப் பகுதி மட்டும் வரும். அடியில் படிந்த ஸ்டியரின் எனும் கெட்டிக் கொழுப்பு அடுத்த ஃபிளாஸ்குக்குப் போகும். பைபெட் காட்டும் மி.லி. அளவை நம்பாதீர்கள், முனையில் ஒட்டிக்கொண்டு பாதி வராது. ஃபிளாஸ்கைத் தராசில் வைத்து எடையாகவே சேருங்கள்: 250 மி.லி. ஃபிளாஸ்கில் 50 மி.லி. ஊடகம், 0.5 கிராம் எண்ணெய்.

30 பாகை, நிமிடத்துக்கு 200 சுற்று, 48 முதல் 72 மணி நேரம். முதல் பல மணி நேரம் எண்ணெய்த் துளிகள் மேலே மிதக்கும்; செல் கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் நொதியை வெளியே சுரந்த பிறகே பாலாகக் கலங்கும். அந்தக் கலங்கலில் ஒளியடர்த்தி எடுத்து வளர்ச்சி வளைவு வரைவதில் பொருளே இல்லை, ஏனெனில் கருவி பார்ப்பது எண்ணெய்த் துளியை. சுவரில் எண்ணெயும் செல்லும் ஒரு வளையமாக ஒட்டியிருக்கும். அதனால் நடுவிலிருந்து 5 மி.லி. எடுத்து அளப்பதும் பொய்க் கணக்கு. ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் முழு ஃபிளாஸ்குகளை ஒதுக்கி, சுவரையும் கழுவி எடுங்கள். ஃபிளாஸ்க் எண்ணிக்கை கூடத்தான் செய்யும், வேறு வழியில்லை. நொதிகலனில் கம் அரபிக் 0.3 விழுக்காடு சேர்த்தால் இந்தக் காத்திருப்பு குறையும். அங்கே எண்ணெய் தீரும் தருணமும் தெரிந்துவிடும்: கரைந்த ஆக்சிஜன் திடீரென ஏறும். அதற்குப் பிறகு விட்டுவைத்தால் பாக்டீரியா தான் சேர்த்ததையே தின்னத் தொடங்கும்.

அறுவடையில் 8,000 சுற்று, 4 பாகை, 10 நிமிடம். மேலே ஆடை போல ஒரு படலம் நிற்கும். அதை எண்ணெய் என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். எண்ணெயில் சிக்கிய செல் நிறைய அதில்தான் மிதக்கும். கொட்டாமல் 10 மி.லி. ஹெக்சேன் சேர்த்து, படிவு முழுதும் கலையும்வரை குலுக்கி, மறுபடி சுழற்றுங்கள். எண்ணெய் ஹெக்சேனோடு மேலே போகும். பிஎச்ஏ ஹெக்சேனில் கரையாது. குளிர்பெட்டியில் வைத்த ஹெக்சேன் வேண்டாம். உறையும் கொழுப்பு அதில் சரியாகக் கரையாமல் படிவிலேயே தங்கும். பிறகு ஒருமுறை தண்ணீரில் கழுவி, உறையவைத்து, உறை உலர்த்தியில் எடை மாறாத நிலைவரை விடுங்கள். எடுத்தவுடன் நிறுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் உலர்ந்த செல் மூடி திறந்த நேரத்திலிருந்தே நீரை இழுக்கும்.

பிஎச்ஏ அளவைக் காணும் வாயு நிறப்பகுப்புக்கு 15 மி.கி. உலர் செல், 2 மி.லி. குளோரோஃபார்ம், 15 விழுக்காடு கந்தக அமிலம் கலந்த மெத்தனால் 2 மி.லி., 100 பாகையில் 140 நிமிடம். டெஃப்லான் உள்மூடி உள்ள குழாயையே பயன்படுத்தி, சூடாக்கும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குளோரோஃபார்ம் கசிந்த குழாயின் எண் எதற்கும் உதவாது. ஆறியதும் 1 மி.லி. தண்ணீர் சேர்த்துக் குலுக்கி, கீழ் அடுக்கை எடுத்து, நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்துங்கள். ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் வழக்கமான உள் அளவுகோல், எட்டு கார்பன் அமிலத்தின் எஸ்டரான மெத்தில் கேப்ரிலேட். பருப்பெண்ணெயிலேயே எட்டு கார்பன் அமிலம் சில விழுக்காடு உண்டு என்பதை இங்கே மறக்கக் கூடாது. கழுவிய மாதிரி ஒன்றை உள் அளவுகோல் சேர்க்காமல் செலுத்திப் பாருங்கள். அந்த இடத்தில் உச்சி எழுந்தால் ஹெக்சேன் கழுவல் போதவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும்வரை திரிபைக் குறை சொல்லி மறுபடி மரபணுவைத் தொடாதீர்கள். எண்ணெய் மிச்சம் உலர் எடையை ஏற்றி, பிஎச்ஏ விழுக்காட்டை இறக்கி, நல்ல திரிபையும் மோசமாகக் காட்டிவிடும். பருப்பெண்ணெயில் வேலை செய்வோர் பென்சோயிக் அமிலத்துக்கு மாறிக்கொள்வதும் நல்லது.

பிரித்தெடுக்க 1 கிராம் செல்லுக்கு 100 மி.லி. குளோரோஃபார்ம் ஊற்றி, அறை வெப்பத்தில் சில நாள் கலக்கி, வடிகட்டி, சுண்டவைத்து, பத்து மடங்கு குளிர்ந்த மெத்தனாலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளை நூலாகத் திரளும். ஆய்வகத்துக்கு இது போதும், ஆலைக்கு ஆகாது. அதனால்தான் செல்லை மாவுப்புழுவுக்குத் தீனியாகக் கொடுத்து, செரிக்காமல் எச்சத்தில் வரும் பிஎச்ஏவைக் கழுவி எடுக்கும் வழியைப் பினாங்கிலேயே ஆராய்ந்தார்கள்.

குளோரோஃபார்ம் பட்ட கரைப்பான் எல்லாம், மெத்தனால் உட்பட, எஸ்டபிள்யூ 323 என்ற திட்டமிட்ட கழிவு வகையில் சேரும். பெயர், தேதி எழுதிய தனிப் புட்டியில் ஊற்றுங்கள். குழாய் கழுவிய அசிட்டோனை மட்டும் அந்தப் புட்டியில் சேர்க்கக் கூடாது. காரம் சிறிது இருந்தாலும் குளோரோஃபார்மும் அசிட்டோனும் சூடேறி வினைபுரிந்து புட்டியை வெடிக்கவைக்கும்.