துப்பாக்கிக்கு எட்டுகிறது, கண்ணுக்கு எட்டவில்லை

ஜூன் 9

மழை விடவில்லை. பிளாட்டூனில் நான்தான் ஸ்னைப்பர், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுகிறவன். நீளமான துப்பாக்கியும் என்னுடையதுதான்: டிராகுனோவ், 1,225 மி.மீ. மூங்கில் புதருக்குள் திரும்பும்போதெல்லாம் குழல்முனை எதிலாவது மாட்டுகிறது. வாரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். அது கொடியில் சிக்கி இழுக்கிறது. தவிர, இங்கே துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டு நடக்க யாருக்கும் அனுமதி இல்லை.

ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கியில், தூரம் அளக்க ஒரு வளைகோடு உண்டு. 1.7 மீட்டர் உயரமுள்ள ஆள் அதில் எந்த எண்ணுக்குக் கீழே பொருந்துகிறானோ அதுதான் தூரம். கோடு ஆரம்பிப்பதே 200 மீட்டரில். இங்கே எனக்குத் தெரிவது முப்பது மீட்டர். நல்ல இடம் கிடைத்தால் ஐம்பது.

ஜூன் 10

நடை, அட்டை, நடை. இரவில் உலர்ந்த உடை, விடிந்ததும் பழையபடி அதே ஈர உடை. உலர்ந்ததைப் பகலிலும் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டால் அடுத்த இரவு இரண்டுமே ஈரம். எல்லோருக்கும் தெரிந்த விதிதான். காலை நாலரைக்கு அதைக் கடைப்பிடிப்பது வேறு சங்கதி.

ஜூன் 12

இன்று முழுக்க ஓர் ஓடைத் திருப்பத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். ஸ்பாட்டர், என்னோடு சேர்ந்து குறி தேடும் துணை ஆள், புதிது. "இலை மட்டும்தான் தெரியுது அண்ணே" என்றான். இலையைப் பார்த்தால் இலைதான் தெரியும். நான்கு மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பின்னால் இருப்பதன்மேல் கண்ணை நிறுத்தினால், பக்கத்து இலைகள் மங்கிக் கரைந்துவிடும். இடுக்கு வழியாக அடுத்த மரம், அதற்கும் பின்னால் ஓடைக்கரை எல்லாம் துண்டு துண்டாக வரும். முழு ஆள் ஒருபோதும் வரமாட்டான். காட்டில் நேர்கோடுகள் குறைவு என்பதால் கிடைமட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அங்கேயே நிற்க வேண்டும். பளபளக்கும் ஈரம், காற்றில்லாமல் ஆடும் ஒற்றைக் கிளை, திடீரென்று அடங்கும் பூச்சிச் சத்தம் எல்லாமே கணக்கில் சேரும்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிப் பார்த்தோம். அதற்கு மேல் பார்த்தால் மரக்கட்டைக்கெல்லாம் தலை முளைக்கிறது.

பார்த்துவிட்டாலும் சுட முடியுமா என்பது அடுத்த பாடு. குறிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் குச்சியால் பெரிய கெடுதல் இல்லை. குழலுக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சிதான் தோட்டாவைத் திருப்பிவிடும். போகப் போக விலகல் வளரும். கனமான தோட்டா புதரைத் துளைத்து நேராகப் போகும் என்று சொல்கிறவர்கள் புதருக்குள் சுட்டுப் பார்க்காதவர்கள்.

ஜூன் 13

மூன்றரை மணி. ஓடைத் திருப்பத்தில் அசைவு. இலை இடுக்கில் ஒரு தோள், அதன்மேல் நீளமாக ஏதோ. கீழே படுத்திருந்தவர்களின் கண்ணுக்கு அது துப்பாக்கி. செக்‌ஷன் கமாண்டர் என் பக்கம் திரும்பி விரலைத் தூக்கினார். நான் உள்ளங்கையைக் காட்டினேன்: பொறுங்கள். அந்த நீளமான பொருள் மெல்ல வளைந்து ஆடியது. இரும்பு ஆடாது. அப்புறம் முதுகுக்கூடை தெரிந்தது. மூங்கில் வெட்டப் போகிறவர். பின்னாலேயே ஒரு பையன்.

யாரும் எதுவும் பேசவில்லை. அவர்களுக்கு நாங்கள் இருந்ததே தெரியாது. என்னைக் கேட்டால் இந்தப் பதவிக்கு இதுதான் முதல் வேலை, சுடுவது அப்புறம்.

ஜூன் 15

தொலைவில் இரண்டு வெடி. எந்தத் திசை என்று ஆறு பேரிடம் ஆறு பதில். திறந்த வெளியில், ஒலியை முந்திக் கடக்கும் தோட்டாவின் 'சடக்'குக்கும் துப்பாக்கியின் 'டும்'முக்கும் உள்ள இடைவெளியை வைத்துத் தூரம் சொல்லலாம். நூறு மீட்டரில் அந்த இடைவெளி கால் நொடிகூட இல்லை. மீதியை மரங்கள் எதிரொலித்துக் குழப்பிவிடுகின்றன.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுக் காடுகளில் ஜப்பானிய ஸ்னைப்பர்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுடைய டைப் 97 துப்பாக்கிக்கு 6.5 மி.மீ. தோட்டா, நீளமான குழல். வெடிமருந்து குழலுக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்து தீர்வதால் வெளியே தீச்சுடரும் புகையும் மிகக் குறைவு. ஸ்கோப்பும் இரண்டரை மடங்குதான். பலவீனமான தோட்டா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் எங்கிருந்து சுடுகிறான் என்று எதிராளிக்குத் தெரியாதபோது அந்தப் பலமே போதும்.

ஜூன் 16

துப்பாக்கியைத் துடைத்தேன். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் முதல் குண்டு மற்றவற்றோடு சேராது; காட்டில் பெரும்பாலும் அந்த முதல் குண்டு மட்டும்தான் கிடைக்கும். எண்ணெய் இல்லையென்றால் துரு. ஆகவே இரவில் பூசி, ஸ்டாண்ட்-டுவுக்கு (விடியலில் எல்லோரும் ஆயுதத்தோடு தயாராக இருக்கும் நேரம்) முன் உலரத் துடைத்து, முனையில் டேப் ஒட்டுகிறேன். அதன் வழியாகவே சுடலாம்.

ஸ்பாட்டருக்கு ஒரு சந்தேகம்: ஈரக்காற்று கனமென்பதால் குண்டு தாழுமா? நீராவி காற்றைவிட லேசு என்று சொன்னேன். நம்பவில்லை. இந்தத் தூரத்தில் எப்படி இருந்தாலும் ஒன்றுதான், விட்டுவிட்டேன். நாளைக்கு ஸ்கோப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு துப்பாக்கியிலேயே இருக்கும் வெறும் இரும்புச் சைட்டோடு நடக்கப்போகிறேன். படுக்கும் இடம் வந்ததும் மாட்டிக்கொள்ளலாம். கமாண்டர் சரி என்றுவிட்டார்.