பழைய ஃபோர் வீல் டிரைவுக்கு பின்பக்க புஷ் மாற்றியது

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் ஒரு ‘டொக்’, மறுபடி மிதித்தால் இன்னொரு ‘டொக்’. கூடவே, நேர் சாலையில் காலை எடுத்ததும் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும், மிதித்தால் மறுபக்கம். ஷாக் அப்சர்பர் போயிருக்கும் என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஷாக் போனால் பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும், அதற்கும் ஆக்சிலேட்டருக்கும் சம்பந்தம் கிடையாது. மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தமும் இழுப்பும் சேர்ந்து வந்தால், ஆக்சிலைப் பிடித்து வைக்கும் புஷ் தளர்ந்து ஆக்சிலே முன்னும் பின்னும் நகர்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் நகர்ந்தால் ஆக்சில் கோணலாகி, பின் சக்கரங்களும் ஸ்டியரிங் செய்ய ஆரம்பித்துவிடும்.

என் வண்டியில் பின்னால் காயில் ஸ்பிரிங், ஒரே துண்டு ஆக்சில். அதை சாசியோடு பிணைக்க கீழே இரண்டு நீள ஆர்ம், மேலே இரண்டு குட்டை ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு. ஒவ்வொன்றுக்கும் முனைக்கு ஒன்றாக மொத்தம் பத்து புஷ்: வெளியே இரும்புக் கூடு, நடுவில் ரப்பர், உள்ளே போல்ட் நுழையும் குழாய். கீழ் ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் கடப்பாறையை விட்டு நெம்பினேன், வலது பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தது. பத்தையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். வண்டிக்கு அடியில் மறுபடி மறுபடி படுக்க யாருக்கு ஆசை?

ரப்பருக்குப் பதிலாக பாலியூரிதேன் என்கிற கடினமான பொருளில் செய்த புஷ்ஷைப் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு சரி. கரடுமுரடான இடத்தில் ஒரு சக்கரம் மேலேயும் ஒன்று கீழேயும் போகும்போது ஆர்ம் பக்கவாட்டில் முறுக வேண்டும், அதற்கு ரப்பர்தான் நன்றாக வளைந்து கொடுக்கும். பாலி கடினம், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடவும் செய்யும். ரப்பரே வாங்கினேன்.

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, சாசிக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை, அது அந்தரத்தில் தொங்கும்போது எதற்கும் உதவாது. ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு ஆர்ம் மட்டும்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் ஆக்சில் அதன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும்.

வேலையின் பெரும்பகுதியைத் தின்றது போல்ட்தான். முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன், நட்டு சமர்த்தாகக் கழன்றது. போல்ட்டோ ஸ்பேனரோடு கால் சுற்று திரும்பும், கையை விட்டால் தானாகப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். உள் குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிவிட்டன, திரும்பியதெல்லாம் ரப்பர். அந்த நிலையில் சுத்தியலால் அடித்துப் பிரயோஜனம் இல்லை. பிராக்கெட்டுக்கும் குழாய்க்கும் இடையில் ஹாக்ஸா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தேன். பழைய போல்ட் தலையில் வலிமையைக் குறிக்கும் 10.9 என்ற எண் இருந்தது, புதிதும் அதே கிரேடு. கைக்குக் கிடைத்த, வலிமை குறைந்த 8.8-ஐ மாட்டி ஒப்பேற்றுகிற இடம் இல்லை இது.

பழைய புஷ்ஷை எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகையைச் சுவாசிக்க எனக்கு விருப்பமில்லை. ரப்பரைச் சுற்றி டிரில் போட்டு நடுப்பகுதியைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய வெளிக் கூட்டை உள்ளிருந்து பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். ஆர்மின் கண்ணில் பிளேடு படக்கூடாது என்பதால் கடைசிக் கொஞ்சம் மட்டும் மெதுவாக. அறுபட்டதும் கூடு ‘டிங்’ என்று தளர்ந்து, இரண்டு தட்டில் வந்துவிட்டது.

புதிதை ஏற்ற பிரஸ் தேவைப்படவில்லை. நட்டை இறுக்கி புஷ்ஷை உள்ளே இழுக்க ஒரு நீளமான மரை போட்ட கம்பி, ஒரு பக்கம் கூட்டைவிடப் பெரிய பைப் துண்டு, மறுபக்கம் கூட்டின் விளிம்பில் மட்டும் அழுத்துகிற சாக்கெட். நடுக்குழாயில் அழுத்தினால் ரப்பர் அங்கேயே கிழியும். சில புஷ்களில் ரப்பரில் இரண்டு பிறை வடிவ இடைவெளி இருக்கும், அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கழற்றும் முன்பே ஆர்மில் குறித்துக்கொள்ளுங்கள். மேல் ஆர்மின் துளை பொருந்தாமல் அடம் பிடித்தது. ஆக்சில் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலின் முன்முனைக்கு அடியில் ஜாக்கைக் கொஞ்சம் தூக்கியதும் ஆக்சில் திரும்பி போல்ட் உள்ளே போனது.

இனி முக்கியமானது. நட்டுகளை இப்போது கையிறுக்கமாக மட்டும் விட வேண்டும். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குவது. இந்த மாதிரி புஷ்ஷில் ரப்பர் உள் குழாயோடும் கூட்டோடும் ஒட்டியிருக்கும், போல்ட்டை இறுக்கியதும் குழாய் பிராக்கெட்டோடு அசையாமல் நின்றுவிடும். ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால் வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும். என் வண்டியின் வலது கீழ் புஷ்ஷை எனக்கு முன் யாரோ ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள், கூட்டின் பெயின்ட் வேறு. இடது பக்கத்துப் பழசு காய்ந்து இறுகி, பொடிப்பொடியாக வெடித்திருந்தது, அது வயதின் வேலை. வலது பக்கத்தில் ரப்பர் இன்னும் மெத்தென்று கறுப்பாக இருந்தும், உள் குழாயைச் சுற்றி வட்டமாகக் கிழிந்து, குழாய் விரலில் சுழன்றது. தொங்கவிட்டு இறுக்கியிருப்பார்கள் என்பதுதான் என் கணிப்பு.

இப்போது ‘டொக்’ சத்தம் இல்லை, காலை எடுத்தாலும் வண்டி நேராகப் போகிறது. கொஞ்சம் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், பான்ஹார்ட் ராடின் சாசி பக்கம் மட்டும் இன்னும் சிறிது ஏறியது. அடுத்தது முன்பக்கம், அங்கே முன் ஆக்சிலைப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் புஷ்களில் வெடிப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.