தாயக்கட்டையும் பிட்காயின் ஹேஷும்

தாயக்கட்டைக்கு நான்கு பக்கங்கள். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும். நான்காவது வெறுமையாக இருக்கும். இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டினால் விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் இரண்டு தாயம் தரும், ஒன்றே ஒன்று பன்னிரண்டு தரும், நான்கு வகைகளில் மூன்று விழும். பிட்காயின் பரிமாற்றங்களைத் தொகுத்து வரிசையாகப் பதியும் பக்கத்துக்கு பிளாக் என்று பெயர். ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்ணே அதன் ஹேஷ்; அது 64 இலக்கங்கள் கொண்ட பதினாறடிமான எண். அதன் ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 9 வரையிலோ, ஏ முதல் எஃப் வரையிலோ, பதினாறில் ஒன்றாக இருக்கும். ஆகவே ஒரேயோர் இலக்கம் கட்டைகளை ஒருமுறை உருட்டியதற்குச் சரியாகப் பொருந்திவிடுகிறது. ஆறு பக்கப் பகடைக்கு இந்த வசதி இல்லை: அந்த இலக்கத்தை ஆறால் வகுத்து மீதியைக் கொண்டால் நான்கு முகங்களுக்கு மூன்று வாய்ப்புகளும் மற்ற இரண்டுக்கு இரண்டு வாய்ப்புகளுமே கிடைக்கும்.

நாகர்கோவிலில் எங்கள் குடும்பத்தில் தாயம் ஆடியவர்களில் பாதிப்பேர் இப்போது துபாயிலும் மஸ்கட்டிலும் இருப்பதால், கைபேசியில் ஆடுவதற்கு ஒரு செயலி எழுதினேன். “நீங்க எழுதுன புரோகிராம் உங்களுக்குத்தான கட்டை உருட்டும்” என்று மைனி சொன்னார். அதை மறுக்க என்னிடம் எந்த வழியும் இல்லை. என் சர்வருக்குள் எண் எப்படிப் பிறக்கிறது என்பதை அவர் பார்க்க முடியாது. பார்க்க முடியாத ஒன்றை நம்பச் சொல்வது நியாயமும் ஆகாது.

பிளாக் ஹேஷின் பயன் இங்கேதான் இருக்கிறது. 80 பைட் நீளமுள்ள பிளாக் தலைப்பை ஷா-256 என்ற ஹேஷ் கணக்கீட்டு முறையில் இருமுறை சுருக்கிப் பெறும் அந்த எண்ணை, பிளாக் உருவாகும் வரை நானோ மைனியோ, கணினியால் கணக்கிட்டு பிளாக்கை உருவாக்கும் ‘சுரங்கம் தோண்டுபவரோ’ முன்கூட்டி அறிய முடியாது. உருவான பிறகு உலகத்தில் எவரும் எடுத்துச் சரிபார்க்கலாம். ஆனால் கடைசி இலக்கத்தையே எடுக்க வேண்டும். ஹேஷ் ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் போகக் கூடாது என்ற கடினத்தன்மை விதியின் காரணமாக ஹேஷின் முன்பகுதி முழுவதும் சுழியங்களாகவே இருக்கும். சுழியத்தை இரு கட்டையும் வெறுமையாக விழுவதற்கு வைத்திருப்பதால், அதிலிருந்து எடுத்தால் ஆட்டம் முழுக்கப் பன்னிரண்டுதான் விழும்.

எந்த பிளாக் என்பதை அதன் வரிசை எண்ணைச் சொல்லி முன்பே அறிவிப்பது அதைவிட முக்கியம். “இன்றிரவு வரும் ஒரு பிளாக்” என்று மட்டும் சொன்னால், வந்தவற்றுள் எனக்குச் சாதகமானதைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் என் கையிலேயே இருக்கும். கோயில் திருவிழாக் குலுக்கலில் கண்ணைக் கட்டிய குழந்தையை விட்டுச் சீட்டெடுக்கச் செய்துவிட்டு, பிடித்த பெயர் வரும் வரை திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்வதற்கு அது ஒப்பாகும்.

சுரங்கம் தோண்டுபவர் ஏமாற்ற முடியாதா என்றால், ஓரளவு முடியும். தமக்குக் கிடைத்த ஹேஷ் தமது பந்தயத்துக்குப் பாதகமாக இருந்தால், அந்த பிளாக்கை வெளியிடாமல் விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் 2024 ஏப்ரல் முதல் பிளாக்குக்கு 3.125 பிட்காயினாக உள்ள வெகுமதியையும் பரிமாற்றக் கட்டணங்களையும் இழப்பார். எங்கள் தாயத்துக்காக அதை எவரும் இழக்கப்போவதில்லை. பரிசுத்தொகை அந்த வெகுமதியைத் தாண்டும் இடங்களில் ஹேஷை மட்டும் நம்பிச் சூதாட்டம் நடத்துவது மடமை என்பதே என் கருத்து.

எத்தீரியம் என்ற மற்றொரு பிளாக்செயினில் சிக்கல் வேறு வகையானது. அங்கே ஒப்பந்த நிரல், அதாவது பிளாக்செயினிலேயே தானாக இயங்கும் நிரல், blockhash என்ற கட்டளையால் கடைசி 256 பிளாக்குகளின் ஹேஷை மட்டுமே கேட்டுப் பெறலாம். அதைவிடப் பழையதை அந்தக் கட்டளையால் கேட்டால் சுழியமே வரும். 2017இல் ஸ்மார்ட்பில்லியன்ஸ் என்ற லாட்டரி ஒப்பந்தத்தில் ஒருவர் எல்லாம் சுழியமாகப் பந்தயம் கட்டி, 256 பிளாக்குகள் கடக்கும் வரை பொறுத்திருந்து பரிசைக் கேட்டு வென்றார். ஹேஷ் கணிதத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அந்த ஒரு விதியைக் கணக்கில் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பிட்காயினில் பிளாக் ஒன்றுக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும்; ஒவ்வோர் உருட்டலுக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்க எங்கள் வீட்டில் எவருக்கும் பொறுமை இல்லை. ஆகவே ஓர் இரகசிய எண்ணைத் திரும்பத் திரும்ப ஹேஷ் செய்து, கிடைக்கும் மதிப்புகளின் சங்கிலியில் கடைசியானதை மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் வெளியிடுகிறேன். பிறகு, இனி வரப்போகும் ஒரு பிளாக்கின் எண்ணை அறிவிக்கிறேன். ஆட்டத்தில் ஒவ்வோர் உருட்டலுக்கும் அந்தச் சங்கிலியில் ஒரு மதிப்பு பின்னோக்கி வெளிப்படும். அதை அறிவித்த பிளாக்கின் ஹேஷோடு சேர்த்து மீண்டும் சுருக்கினால் கட்டை விழும். வெளிப்பட்ட மதிப்பை ஒருமுறை ஹேஷ் செய்தால் அதற்கு முன் வெளிவந்தது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நான் கைவைத்தேன் என்று பொருள்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. பிளாக் வந்தவுடன் வரப்போகும் உருட்டல்கள் அத்தனையும், சங்கிலியை வைத்திருக்கும் எனக்கு மட்டும் தெரிந்துவிடும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் உருட்டலுக்கும் தத்தம் இரகசிய எண்ணைச் சேர்த்தால் அதை அடைக்கலாம். ஆனால் அத்தனை பேரும் ஒவ்வொரு முறையும் எண் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். எனவே ஆட்டத்தை நடத்துகிறவன் ஆடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மைனி கேட்டதும் அதைத்தான்.